ஆடி மாதத்தில் பிழையே இல்லாத புரோகிராம்

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பருத்திப்பட்டு கல்யாண மண்டபத்து வாசலின் இடது தூணருகே நாயனக்காரர்கள் உட்கார்ந்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியை ஊறவைத்துக்கொண்டிருந்தார்கள். வலது தூணருகே ஒரு வேன் வந்து நின்று, சிவப்புச் சட்டை போட்ட பேண்டு வாத்தியக்காரர்கள் இறங்கினார்கள். இரு தரப்பும் மரியாதையாக ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். வசதியான வீட்டுக் கல்யாணம், இரண்டுக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை.

மண்டபத்து மேனேஜர் ஏகாம்பரம் வாசலில் நின்றிருந்தார். அவர் கையில், வேனில் வந்தவர்கள் கொடுத்த ஒரு ரசீது. ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட தாள் கிழிக்கப்படாமல் அப்படியே தொங்கியது. அதை அடித்து எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அவர் ரசீதைப் பார்த்தார், பேண்டு வாத்தியத்தைப் பார்த்தார், நாயனத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?" என்றார், மிகவும் மெதுவாக.

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

மிக்ஸி ரிப்பேர் நிபுணி

நான் சாப்ட்வேர் என்ஜினீயரிங்கில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

குவார்ட்டர்ஸில் என் படிப்பின் பெயரை முழுதாகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. 'கம்ப்யூட்டருக்குப் படிக்கிற பொண்ணு', அவ்வளவுதான். அதனால் டிவியில் கோடு ஓடினால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை மிக்ஸிக்கும் கூப்பிட்டார்கள். போனேன். பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் இரண்டு நிமிஷத்தில் கார்பன் பிரஷ்ஷை மாற்றினார். 'மலர்விழி படிச்ச படிப்பு வீண்போகலை' என்று எனக்குப் பெயர் வந்தது. நானும் மறுக்கவில்லை.

அந்தப் படிப்பின் கடைசிக் கட்டம்தான் புராஜெக்ட். இரண்டு இரண்டு பேராகச் செய்ய வேண்டும். என் ஜோடி டில்லி பாபு. அம்பத்தூர்க்காரன். என்னைவிட வேகமாகப் புரோகிராம் எழுதுவான். என்னைவிட வேகமாக அதைக் கெடுக்கவும் செய்வான். எங்களை மேற்பார்த்த பேராசிரியரை எல்லோரும் கைடு என்போம்.

கைடு முதல் நாளே சொல்லிவிட்டார். "காலேஜ்லயே எழுதி காலேஜ்லயே காட்டுற வேலை எனக்கு வேண்டாம். வெளியில ஒரு இடத்துல உங்க புரோகிராம் ஓடணும். நல்லா ஓடுதுன்னு அங்கே இருக்கிறவர் கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு லெட்டர் தரணும். லெட்டர் இல்லாதவங்களுக்கு வைவா கிடையாது."

வாய்மொழித் தேர்வான வைவா இல்லையென்றால் பட்டம் இல்லை. அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. ஆறு மாதமெல்லாம் அம்மா பொறுக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தென்காசியில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரை ஆவணிவரை பொறுக்கச் சொல்லி நிறுத்திவைத்திருந்தாள். ஆவணிக்குள் படிப்பு முடிந்தால் நான் வேலைக்குப் போகலாம். முடியாவிட்டால் அவள் இஷ்டம். இதுதான் எங்களுக்குள் பேச்சு.

கடிதத்தைப் பருத்திப்பட்டு மண்டபத்தில் வாங்கப்போகிறேன் என்றதும் அம்மா அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"என்னட்டி இது, எல்லாவளும் பரீட்சை எழுதிப் பாஸாவுதாளுவ. ஒனக்கு மட்டும் எவனோ ஒரு மண்டபத்துக்காரன் கையெழுத்துப் போடணுமாக்கும்?"

மீதிக் காயை நான் நறுக்க உட்கார்ந்தேன்.

சந்தனம் பூசிய பிளாப்பி

பருத்திப்பட்டு மண்டபத்தின் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஆபீஸ் அறையில் வைத்திருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. பக்கத்து மண்டபத்தில் ஏசி போட்டுவிட்டார்கள்; பதிலுக்கு இவர் இதை வாங்கியிருந்தார். பூப்போட்ட துணி போர்த்தி, மேலே ஒரு பிள்ளையாரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். டில்லி பாபுவுக்கு இது எப்படியோ தெரிந்து, போய்ப் பேசி, மண்டபத்து முன்பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொல்லி அனுமதி வாங்கிவந்தான்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஆடி பிறந்ததும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போடு என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஏகாம்பரத்துக்குச் சந்தோஷமா இல்லையா என்று சொல்ல முடியாது. அவர் முகம் அப்படி. ஆனால் பக்தி உண்டு. புரோகிராமை நாங்கள் கொண்டுபோன முதல் நாள், அது பதிந்திருந்த பிளாப்பித் தகட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி, நடுவில் பெரிய சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். சந்தனம் சரியாக அந்தத் தகட்டின் திறப்பு வழியே உள்ளே இறங்கியிருந்தது. அந்த பிளாப்பி அதோடு முடிந்தது. மறுநாள் வேறு கொண்டுவந்தோம். அதை டில்லி பாபு முதுகுக்குப் பின்னால் ஒளித்தே உள்ளே எடுத்துப்போனான்.

புரோகிராம் எழுதுமுன் அவரிடம் கேள்வி கேட்க வேண்டும். பாடத்தில் அதற்குத் தனி அத்தியாயமே இருந்தது. நான் நாற்பத்திரண்டு கேள்விகள் எழுதிப்போனேன். மண்டபத்தில் எத்தனை அறை, எத்தனை பேர் சாப்பிடலாம், ஜெனரேட்டர் உண்டா, செருப்பு எங்கே விடுவார்கள். செருப்பு எதற்கு என்று இப்போது நினைத்தால் எனக்கே புரியவில்லை. ஏகாம்பரம் வெற்றிலையை மென்றுகொண்டு எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"ஒரு நாளைக்கு எத்தனை கல்யாணம் நடக்கும்ணே?"

"ஒண்ணுதாம்மா. ஒரு நாளு, ஒரு கல்யாணம். அதுல பேச்சே கெடையாது."

எழுதிக்கொண்டேன். கேள்வியும் சரி, பதிலும் சரி. தப்பு இரண்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

முப்பது நாள், பூஜ்யம் பிழை

ஆனிக் கடைசியில் புரோகிராமைப் பொருத்தினோம். ஆடி முழுக்க ஓடியது. ஒரு பிழை இல்லை, ஒரு புகார் இல்லை. 'தொடர்ந்து முப்பது நாள் சோதனை, பிழை: பூஜ்யம்' என்று அறிக்கையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை, மண்டபம் பூட்டிக் கிடக்கிறது, அதனால் பிழை வர வழியே இல்லை என்பது இரண்டு முதுநிலை மாணவர்களின் மூளைக்கு எட்டவில்லை. சிரிக்காதீர்கள். எங்கள் வகுப்பில் நான் இரண்டாவது ராங்க்.

ஏகாம்பரத்துக்கு எட்டியிருந்தது. கடிதத்தை நீட்டியபோது வாங்கவே இல்லை.

"ஆடில மண்டபமே தூங்கிக்கினு கீதும்மா. இப்ப இன்னான்னு நான் நல்லா ஓடுதுன்னு எய்தறது? ஆவணில ஒரு கல்யாணம் ஒழுங்கா தாண்டட்டும். அப்பால போட்றேன்."

"கடைசித் தேதி திங்கக்கிழமை மத்தியானம்ணே."

"அன்னிக்குக் காலைலதான் நம்ம மண்டபத்துல மொத முகூர்த்தம். முடிஞ்சதும் வாங்கிக்கினு போ."

ஆக, என் பட்டம் முழுவதும் அந்த ஒரு கல்யாணத்தின் மேல் நின்றது.

இதற்கு நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. ஏகாம்பரம் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணி போய்விட்டார். நாலு நாள் நாங்களே ஆபீஸில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள், அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ராஜமாணிக்கம் என்பவர் வந்தார். மகனுக்குத் திருவேற்காட்டில் காலையில் தாலி கட்டு. அன்றைக்கே சாயங்காலம் வரவேற்பு வைக்க வேண்டும்.

"ஞாயித்துக்கெயம சாயங்காலம் காலியா கீதாம்மா?"

பட்டனைத் தட்டினேன். திங்கள் நிறைந்திருந்தது. ஞாயிறு காலி.

"நோட்டு கீட்டு எதனா பாக்க வேணாவா?" என்றார்.

"கம்ப்யூட்டர் பார்த்துடுச்சுங்க" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. என் புரோகிராமின் முதல் வாடிக்கையாளர். ரசீது கரகரவென்று வெளியே வந்தது. மொட்டைத் தலையோடு திரும்பிய ஏகாம்பரம், "எதனா வந்துச்சா?" என்று கேட்டபோது, "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குண்ணே" என்றேன். அவர் அந்தப் பக்கமே போக மாட்டார். சந்தனம் வைக்க மட்டும்தான் போவார்.

மூன்று மணிக்குப் பிறக்கும் நாள்

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். கல்யாண மண்டபம் நடத்துகிற யாருக்கும், ஏன், ஒரு கல்யாணத்துக்காவது போயிருக்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். திங்கட்கிழமை முகூர்த்தம் என்றால் ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கே மண்டபத்தைக் கொடுத்துவிட வேண்டும். அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, மறுநாள் தாலி, மத்தியானம் மூன்று மணிக்குக் காலி செய்வார்கள். மண்டபத்துக்கு அதுதான் ஒரு நாள்.

என் புரோகிராமுக்கு நாள் என்றால் நடுராத்திரி முதல் நடுராத்திரி வரை. இருபத்துமூன்று வருஷமாகக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவள் நான். ஆனாலும் புரோகிராம் எழுத உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து வெள்ளைக்காரியாகிவிட்டேன்.

சரி, வாசலுக்கு வருவோம்.

திங்கட்கிழமைக் கல்யாணத்தின் பெண்ணுக்கு அப்பா அருணாசலம். மூன்று மணிக்கே வந்து, அறைகளுக்குச் சாவி வாங்கி, சமையலறையில் அண்டாவெல்லாம் இறக்கியாகிவிட்டது. இப்போது ராஜமாணிக்கம் பட்டு வேட்டியில் வந்து நின்றார். பின்னால் அலங்கார ஆட்கள், தெர்மோகோலில் வெட்டிய பெயர்களோடு.

"யோவ், எம்மவன் ரிசப்சனு இங்க. உள்ள யாருய்யா அது?"

டில்லி பாபு என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். "மலரு, பின்னால கேட்டு தொறந்துதான் கீது. அப்டியே நைசா கெளம்பி ஆவடி டேசனுக்குப் பூடலாம். ட்ரெயின் வந்துடும்."

நிஜத்தைச் சொல்கிறேன், நான் கிளம்பத்தான் திரும்பினேன். நாலடி வைத்தும்விட்டேன்.

அப்போது பின்னால் ஏகாம்பரத்தின் குரல். "கோச்சிக்காதீங்க சார். கம்ப்யூட்டர் மிஸ்டேக்கு ஆயிப்போச்சு."

கூட்டம் உடனே சமாதானமாகிவிட்டது. ஓ, கம்ப்யூட்டரா, அது அப்படித்தான் என்று ஒரு மாமா ஆரம்பித்தார். அவர் ஆபீஸில் யாருக்கோ இரண்டு முறை சம்பளம் போட்டதாம். இன்னொருவர் கரெண்டு பில் கதை சொன்னார். அந்தக் காலத்தில் எந்தப் பழியையும் அதன் தலையில் கட்டலாம், திருப்பிப் பேசாது. நான் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் நாலு மாதம் கண்விழித்து எழுதிய என் புரோகிராமை வழியில் போகிறவரெல்லாம் திட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நேர்மை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். ரோஷம்தான்.

திரும்பிப் போய் நின்றேன். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலைங்க. நான்தான் எழுதினேன். நாள் எப்ப ஆரம்பிக்குதுன்னு தெரியாம எழுதிட்டேன். ரசீது கொடுத்ததும் நான்தான்."

அந்த மாமா தன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ராஜமாணிக்கம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னாம்மா படிக்கிற?"

சொன்னேன்.

"இத எய்தறதுக்கா காலேஜுல சொல்லித் தராங்கோ?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நகரவில்லை. நகர்ந்தால் மறுபடி பின்வாசல் பக்கம்தான் போவேன் என்று எனக்கே பயம்.

ஏரிக்கரையில் மாப்பிள்ளை

ஏகாம்பரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். அதுவரை ராஜமாணிக்கம் வீட்டு ஜோடி மேடை ஏற முடியாது. அருணாசலம் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு ஆறரைக்குப் பிள்ளையார் கோயிலில் கிளம்பி ஏழு மணிக்கு வந்துவிடும்.

"ஒங்க ஊர்வலம் ஏயே முக்காலுக்கு வரட்டும் சார். அதுவரிக்கும் மேடை இவுங்களுது" என்றார் அருணாசலத்திடம்.

அருணாசலம் அதிகம் பேசாத மனிதர். "பிள்ளைங்க விஷயம், விட்டுக்கொடுக்கிறேன். ஆனா மாப்பிள்ளை வாசலுக்கு வந்துட்டா ஒரு நிமிஷம்கூட நிக்க வைக்க மாட்டேன்."

ஆக, கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஒன்றேகால் மணி நேரம் ஊர்வலம் வர வேண்டும். ஏகாம்பரம் டில்லி பாபுவைப் பார்த்தார். டில்லி பாபு போய், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்திருந்த ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

அன்று பருத்திப்பட்டில் அந்த ஜீப் போகாத தெரு இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் டில்லி பாபு நாயனக்காரரிடம், "அண்ணாத்தே, இங்க ஒரு பாட்டு நின்னு வாசி, இங்க நம்ப சொந்தக்காரங்க நெறைய" என்றான். ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்று. அப்புறம் வந்த வழியே இன்னொரு சுற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா, "மண்டபம் எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்க ஆரம்பித்தபோது, பெட்ரோமாக்ஸ் ஒன்று அணைந்து கைகொடுத்தது. மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு ஆட இவ்வளவு நேரம் யாரும் கொடுத்ததே இல்லை. மாப்பிள்ளைக்கும் சந்தோஷம், ஊரே தன்னைப் பார்க்கிறது என்று நினைத்துக் கடைசிவரை கையசைத்துக்கொண்டிருந்தார்.

நான் மேடையில் இருந்தேன். ஆறு மணிக்கு ராஜமாணிக்கம் வீட்டுப் பெயர்களைப் பின்னணித் துணியில் குத்தினேன். வாசித்த பேண்டு, எடுத்த வீடியோ, வந்த கூட்டம் எல்லாவற்றையும் நானே வரிசைப்படுத்தி நகர்த்தினேன். ஏழரைக்கு ஜோடி இறங்கியதும், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பெயர்களைப் பிடுங்கி அடுத்த ஜோடியின் பெயர்களைக் குத்தினேன். நடுவில் இருந்த 'வெட்ஸ்' இரண்டு ஜோடிக்கும் பொது என்பதால் அதை மட்டும் தொடவில்லை.

பந்தியில் யார் வீட்டு விருந்தாளி யார் வீட்டுச் சாம்பாரைச் சாப்பிட்டார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கடைசி குண்டூசியைக் குத்தி முடிக்கும்போது வாசலில் நாயனம் கேட்டது.

போகும்போது ராஜமாணிக்கம் மேடைப் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

முத்திரை

மறுநாள் காலை தாலி கட்டியாயிற்று. ஏகாம்பரம் ஆபீஸில் உட்கார்ந்து கடிதத்தை வாங்கினார். இங்கிலீஷில் டைப் அடித்தது. அர்த்தம் சொல்லச் சொன்னார்.

"புரோகிராம் எங்க வேலைக்கு உதவியா இருக்குன்னு மொதல் வரிண்ணே."

"செரி."

"அதுல எந்தப் பிழையும் இல்லைன்னு ரெண்டாவது வரி."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "சீலு வெக்கிற எடத்துல பொய் எய்தக் கூடாதும்மா" என்றார். பிறகு கீழே காலியாக இருந்த இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதிக் குத்தினார்.

என்னிடம் வேறு பிரதி இல்லை. மறுபடி டைப் அடிக்க நேரமும் இல்லை. ஆவடியில் ரயில் ஏறி, மத்தியானம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கைடு மேஜையில் வைத்தேன். அவர் அடித்த வரியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். "வைவால நீங்களே பதில் சொல்லிக்கோங்க" என்று கோப்பில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையே புரோகிராமைத் திருத்தினேன். ஒரே ஒரு வரி.

வைவா நாளில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லோருடைய கடிதங்களையும் கட்டாக முன்னால் வைத்திருந்தார். எங்களுடையதை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஏகாம்பரம் எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

"'இதில் ஒரு தப்பு வந்தது. எழுதினவங்க ஓடிப்போகவில்லை. கூட நின்னு சரி பண்ணாங்க. ஏகாம்பரம், மேனேஜர்.'"

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எப்படிச் சரி பண்ணீங்க?" என்று கேட்டார்.

"ஜீப்ப வெச்சு சார்" என்றான் டில்லி பாபு.

நான் முழுக் கதையையும் சொன்னேன். கைடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். தேர்வாளர் சிரிக்கவில்லை. கடிதக் கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"காலையிலேருந்து பதினோரு லெட்டர் படிச்சுட்டேன். பதினொண்ணுலயும் பிழையே இல்லைன்னு எழுதியிருக்கு. நீங்க எழுதினதை மட்டும்தான் யாரோ நிஜமாவே உபயோகிச்சிருக்காங்க."

பாஸ் என்று தாளில் வந்தது மூன்று வாரம் கழித்து, அம்மா வைத்த ஆவணிக் கெடுவுக்குள். அழுகை அன்றைக்கே வந்துவிட்டது. வைவா அறையில், பேராசிரியர்கள் முன்னால், கையில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் நின்று அழுதேன்.